ஊருணி வேலைக்கு ஒரு ஃபவுண்டேஷன் மானியம்: விண்ணப்பித்து வாங்கியவரின் விமர்சனம்

பெங்களூரில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் ஃபவுண்டேஷன், கிராமத்து நீர்நிலைகளைச் சீர்செய்யும் சிறிய டிரஸ்டுகளுக்கு வருடத்துக்கு ஒரு முறை மானியம் தருகிறது. உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய். ராமநாதபுரம் மாவட்டம் முதுகுளத்தூர் பக்கம் இயங்கும் எங்கள் டிரஸ்ட் 2023 பிப்ரவரியில் அதற்கு விண்ணப்பித்தது. 9 லட்சம் கிடைத்தது. ஒரு குடிநீர் ஊருணியைச் சீர்செய்து ஊரிடம் ஒப்படைத்துவிட்டோம். நான் அந்த டிரஸ்டின் செயலாளர். விண்ணப்பம் எழுதியதும் கணக்குக் கொடுத்ததும் நான்தான் என்பதால் முதலிலிருந்து கடைசி வரை பார்த்ததை எழுதுகிறேன்.

ஃபவுண்டேஷனின் பெயரைப் போடவில்லை. அவர்களோடு அடுத்த ஊருணிக்குப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அதோடு, நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை மற்ற ஃபவுண்டேஷன்களிடமும் இருப்பவைதான். மிக்சி வாங்கினாலும் விடுதியில் ஒரு ராத்திரி தங்கினாலும் பத்துப் பேர் எழுதியதைப் படித்துவிட்டுப் போகிறோம். மானியம் தருகிறவர்களைப் பற்றி மட்டும், போய் நின்றவர்கள் எழுதியது கண்ணில் படுவதே இல்லை. ஒரு விண்ணப்பத்துக்குப் பின்னால் எத்தனை ராத்திரி வேலை இருக்கிறது என்பது டிரஸ்ட் நடத்துகிறவர்களுக்குத் தெரியும். யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்டு வீணாகும் என்ற தகவல் நமக்குப் பணத்துக்குச் சமம்.

சுருக்கமாகச் சொன்னால், வந்து பார்த்த ஆட்கள் அருமை. படிவம் பரவாயில்லை. பட்ஜெட் விதி மோசம். பணம் வரும் மாதம் அதைவிட மோசம். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன்.

எங்களைப் போன்ற டிரஸ்டுகள் ஏன் இப்படிப்பட்ட கம்பெனி ஃபவுண்டேஷன்களைத் தேடிப் போகிறோம் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு உள்ள பெரிய அமைப்புகள் வெளிநாட்டுப் பணத்தில் ஒரு பகுதியைச் சின்ன டிரஸ்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடியும். எங்கள் பக்கத்துக் கண்மாய் வேலைகள் பல அப்படி நடந்தவைதான். 2020 செப்டம்பரில் சட்டத்தைத் திருத்தியபோது, ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றுவதையே தடைசெய்துவிட்டார்கள். சொந்தமாகப் பதிவு வாங்கலாம் என்றால், மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் வேலைக்காக 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். தலைக்கட்டு வரியிலும் (குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் போடும் வரி) நன்கொடையிலும் ஓடும் டிரஸ்டுக்கு அந்தக் கணக்கு எட்டாது. மிச்சமிருப்பது உள்நாட்டுப் பணம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த கம்பெனிகள் முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழித்தாக வேண்டும். இதைத்தான் சிஎஸ்ஆர் என்கிறார்கள். அந்தப் பணத்தின் ஒரு சின்னக் கிளைதான் இந்த மானியம்.

எங்கள் மாவட்டத்துக்கு இதில் ஒரு அனுகூலம் உண்டு. 2018இல் மத்திய அரசு வளர்ச்சியில் முன்னேறத் துடிக்கும் மாவட்டங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை ராமநாதபுரமும் விருதுநகரும்தான். படிவத்திலேயே அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது, டிக் செய்தால் போதும். பக்கத்துச் சிவகங்கையில் அதே மாதிரி ஊருணிக்கு அதே வேலை செய்கிற நண்பர்களுக்கு அந்த டிக் கிடையாது. வறட்சி மாவட்ட எல்லை பார்த்து நிற்பதில்லை. அந்தக் கட்டத்துக்கு எவ்வளவு மதிப்பெண் என்பதையாவது அவர்கள் வெளிப்படையாகச் சொல்லலாம்.

சரி, விண்ணப்பத்துக்கு வருகிறேன். முதல் நல்ல விஷயம், தேவைப்படும் ஆவணங்களின் பட்டியல் போர்ட்டலுக்குள் நுழைவதற்கு முன்பே கிடைக்கிறது. இது பெரிய விஷயமா என்று கேட்கலாம். பெரிய விஷயம்தான். பாதிப் படிவம் நிரப்பிய பிறகு ஏழாவது பக்கத்தில் புதிதாக ஒரு சான்றிதழைக் கேட்டு, அது இல்லாவிட்டால் அடுத்த பக்கம் போகவிடாத போர்ட்டல்கள் நிறைய இருக்கின்றன. இங்கே எல்லாம் ஒரே தாளில் இருந்தது. டிரஸ்ட் பத்திரம், பான், 12ஏ (டிரஸ்டுக்கு வருமான வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருகிறவருக்கு வரிச் சலுகை), அரசின் என்ஜிஓ தர்பன் தளத்தில் வாங்கிய எண், சிஎஸ்ஆர்-1 பதிவு எண், மூன்று வருடத் தணிக்கை அறிக்கை, அறங்காவலர்கள் பட்டியல், ஊருணியின் புலப்படம், அ-பதிவேடு (கிராமத்து நிலங்களின் வருவாய்த் துறைப் பதிவேடு) நகல், கிராம சபைத் தீர்மானம்.

இதில் புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல், கம்பெனிப் பணத்தில் வேலை செய்யும் டிரஸ்ட் எதுவானாலும் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டு எண் வாங்கியிருக்க வேண்டும். அதற்கு அறங்காவலர் ஒருவரின் டிஜிட்டல் கையெழுத்தும் ஆடிட்டரின் சான்றும் தேவை. 12ஏ, 80ஜி இரண்டும் கையில் இல்லாமல் அங்கே நுழைய முடியாது. அதே துறையில் மூன்று வருட அனுபவமும் வேண்டும் என்பது விதி. அதனால் பதிவு செய்த மறு வருடமே இந்தப் பக்கம் வருவதில் பயனில்லை.

இரண்டாவது, கிராம சபைத் தீர்மானம். ஊராட்சி மன்றக் கூட்டத் தீர்மானம் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த ஃபவுண்டேஷன் கிராம சபைத் தீர்மானம்தான் கேட்கிறது, கேட்பதும் சரிதான். குடிநீர் ஊருணி ஊருக்கே பொது. தலைவரும் நாலு உறுப்பினர்களும் கையெழுத்துப் போட்டால் ஊர் ஒத்துக்கொண்டதாக ஆகாது. கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. விண்ணப்பம் பிப்ரவரி கடைசியில் மூடுகிறது என்றால் குடியரசு தினக் கூட்டத்தை விடக் கூடாது. அதை விட்டால் அந்த வருடமே போச்சு. தீர்மான வாசகத்தில் புல எண்ணும் பரப்பும் இருக்கும்படி முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள். "ஊருணியைச் சீர்செய்ய ஆட்சேபணை இல்லை" என்று மொட்டையாக எழுதினால் எந்த ஊருணி என்ற கேள்வி திரும்பி வரும்.

தீர்மானத்தைத் தமிழிலேயே ஏற்றுக்கொண்டார்கள். மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்து வாங்கி வா என்று அலைக்கழிக்கவில்லை. ஆனால் படிவம் முழுக்க ஆங்கிலம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் வேலை செய்கிற டிரஸ்டுகளுக்கென்றே ஒரு மானியம் வைத்துக்கொண்டு, தமிழில் எழுதினால் வாங்க மாட்டோம் என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. எங்கள் பக்கத்தில் ஊருணி வேலையில் நல்ல அனுபவமுள்ள இரண்டு சிறு குழுக்கள் இந்த ஒரு காரணத்தால் படிவத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவர்கள் நல்ல கரைகள் போட்டவர்கள், கலுங்கு (மிகைநீர் வெளியேறும் வழி) கட்டியவர்கள். அந்த அனுபவம் இந்தப் போர்ட்டலுக்கு வெளியிலேயே நிற்கிறது.

படிவம் இரண்டு கட்டமாக வருகிறது. முதலில் இரண்டு பக்கத்தில் ஒரு கான்செப்ட் நோட். அது தேறினால்தான் முழு ப்ரபோசல். இந்த முறையை எல்லா ஃபவுண்டேஷனும் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் தடவையே முப்பது பக்கம் எழுத வைத்து, பிறகு "இந்த ஆண்டு எங்கள் முன்னுரிமை வேறு" என்று ஒரு வரி மெயில் அனுப்பும் இடங்களில் போகும் உழைப்பு கொஞ்சமா? இங்கே முதல் கட்டம் முடிந்ததும் மதுரையிலிருந்து அவர்களுடைய ஆபீசர் போன் செய்தார். திருவண்ணாமலைக்காரப் பையன், முப்பது வயதுக்குள் இருப்பார். "அக்கா, முழு ப்ரபோசல் எழுதுறதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் பேசிடலாமா?" என்று ஆரம்பித்தார். அரை மணி என்றது நீண்டு போனது. அவர் அன்று கேட்ட ஒரு கேள்வியை வேறு யாரும் எங்களிடம் கேட்டதில்லை: "ஜல் ஜீவன் குழாய் வீட்டுக்கு வீடு வந்தாச்சு, காவிரிக் கூட்டுக் குடிநீரும் இருக்கு. அப்புறம் எதுக்கு ஊருணி?"

நியாயமான கேள்வி. குழாய் இருக்கிறது, தண்ணீர் முறை வைத்துத்தான் வருகிறது. மோட்டார் பழுதானாலோ எங்கோ குழாய் உடைந்தாலோ வாரக்கணக்கில் வராது. அப்போது டிராக்டர் டேங்கரில் குடம் 10 ரூபாய்க்கு வாங்குகிறார்கள். நிலத்தடியில் உப்புத் தண்ணீர், போர் போட்டால் பாத்திரம் கழுவத்தான் ஆகும். மழைத் தண்ணீர் தேங்கும் ஊருணிதான் இந்த ஊர்களுக்குக் கடைசிப் பிடி. இதையெல்லாம் அவரிடம் பேசிய பிறகுதான் ப்ரபோசலில் எழுதினேன். பேசியதால் ப்ரபோசல் சுருங்கியது, தெளிவாகவும் வந்தது. டேங்கர் செலவை வீட்டுக்கு வீடு கேட்டு ஒரு பக்க அட்டவணையாக இணைத்தோம். தேர்வுக்குழுவில் அதிகம் பேசப்பட்டது அந்தப் பக்கம்தான் என்று பிறகு சொன்னார்.

அடுத்தது ஃபீல்டு விசிட். இந்த மானியத்தில் எனக்கு ஆகப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முழுப் படிவத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது. தூர்வாருவதற்கு முன் ஆழம், பின் ஆழம், கூடுதல் கொள்ளளவு எத்தனை கன மீட்டர். எண் பெரிதாக இருந்தால் மதிப்பெண் கூடும் என்பது பார்த்தவுடன் புரிந்துவிடும். நாங்கள் அதில் சின்ன எண்தான் போட்டிருந்தோம், ஏன் என்று ஒரு குறிப்பும் சேர்த்திருந்தோம். ஆபீசர் நேரில் வந்தபோது முதலில் இதைத்தான் கேட்டார். மற்ற டிரஸ்டுகள் ஒன்றரை மீட்டர், இரண்டு மீட்டர் ஆழப்படுத்துவதாகப் போட்டிருக்கிறார்கள், நீங்கள் ஏன் இவ்வளவு குறைவாக என்று.

எங்கள் ஊர் நீர்பாய்ச்சிப் பெரியவர் கூடவே வந்திருந்தார். கண்மாய்க்கு மடை திறந்து மூடுவது அவர் குடும்பத்து வேலை, ஊருணியும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அவர் பதில் சொல்லாமல் ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு காய்ந்து கிடந்த ஊருணியின் நடுவில் இறங்கினார். மேலே இருந்த வண்டலை ஒரு முழம் தோண்டித் தள்ளினார். அதற்குக் கீழே கறுத்த, நீலம் பாய்ந்த களி வந்தது. ஒரு பிடி எடுத்துத் தண்ணீர் தொட்டு உருட்டி ஆபீசர் கையில் வைத்தார். விரிசல் விடாமல் உருண்டையாக நின்றது.

"தம்பி, இதுதான் இந்த ஊருணிய நிப்பாட்டி வச்சிருக்கு. பானைக்கு அடி மாதிரி. இத வெட்டிட்டீகன்னா கீழ மணலு, அதுக்குக் கீழ உவரு. மேல விழுந்த மழத் தண்ணி அம்புட்டும் எறங்கிப் போயிரும். ஆழம் கூட்டுனா தண்ணி கூடும்னு எழுதி வச்சவுக இந்தப் பக்கம் வந்து பாக்கல."

ஆபீசர் அந்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே நிறையக் கேட்டார். களி எந்தப் பக்கம் தடிமன், எந்தப் பக்கம் மெல்லிசு, போன முறை வெட்டியது எந்த வருடம், ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே அடைத்திருக்கிறது என்று. பெரியவரோடு வரத்துக்கால் முழுவதும் நடந்தார். சீமைக்கருவேலம் மூடிக் கிடந்த இடத்தில் குனிந்து உள்ளே போய்ப் பார்த்தார். ஊருணி நிரம்பாததற்குக் காரணம் ஆழம் குறைந்தது இல்லை, தண்ணீர் வரும் வழி அடைபட்டதுதான் என்பது நடந்து பார்த்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். மேசையில் உட்கார்ந்து அட்டவணையைப் பார்த்தால் தெரியவே தெரியாது.

அவர் திரும்பிப் போய் அந்த அட்டவணையையே எங்களுக்காக மாற்ற வைத்தார். "வேலை களிமட்டத்தோடு நிறுத்தப்படும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ந்தது. கன மீட்டருக்குப் பதிலாக, ஊருணியில் குடிக்கத் தண்ணீர் எந்த மாதம் வரை நிற்கிறது என்பதை அளவுகோலாக வைத்தார்கள். இதற்காகவே இந்த ஃபவுண்டேஷனுக்கு என் மதிப்பெண்ணில் பாதியைக் கொடுத்துவிடுவேன். படிவம் தவறாகக் கேட்டாலும், மண்ணைத் தொட்டுப் பார்த்து அதை மாற்றும் அதிகாரம் களத்துக்கு வரும் ஆளுக்கு இருக்கிறது. பல இடங்களில் களத்துக்கு வருகிறவர் போட்டோ எடுத்துக்கொண்டு போவதோடு சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மொத்தச் செலவில் ஒரு பங்கு ஊர் போட வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. ஊர்க்கூட்டத்தில் பேசி 140 தலைக்கட்டுக்கு 500 ரூபாய் வரி வைத்து 70,000 திரட்டினார்கள். ரசீதுப் புத்தகம் எல்லாம் கிடையாது, ஊர் நோட்டில் பெயர் எழுதிப் பணம் வாங்கியதற்கு நேராகக் கையெழுத்தோ ரேகையோ வைப்பார்கள். அந்த நோட்டின் நகலையே ஆதாரமாக ஏற்றுக்கொண்டார்கள். கணவர் இல்லாமல் தனியாக இருக்கும் பெண்களுக்கு ஊர் பாதி வரி போட்டிருந்தது, சிலர் பணத்துக்குப் பதில் ஆள் வேலை செய்தார்கள். அதனால் குறைந்த தொகையை வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் சரிக்கட்டினார்கள். அந்த விவரத்தையும் ஆபீசர் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

இனி குறைகள்.

பட்ஜெட் தாளில் நிர்வாகச் செலவு என்று ஒரு வரி இருக்கிறது. மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டினால் கட்டம் சிவப்பாகிவிடும், சமர்ப்பிக்க முடியாது. 9 லட்சத்துக்கு 5 சதவீதம் 45,000. மாதத்துக்கு 3,750 ரூபாய். கணக்கு எழுதும் பெண்ணின் சம்பளம், ஆடிட்டர் கட்டணம், நெட், பஸ், அலுவலக வாடகை எல்லாம் அதற்குள். ஏன் 5 என்று கேட்டால் சிஎஸ்ஆர் சட்டம் அப்படி என்கிறார்கள். சட்டத்தில் இருக்கும் 5 சதவீதம், கம்பெனி தன்னுடைய சிஎஸ்ஆர் பணிகளின் பொது நிர்வாகத்துக்குச் செலவழிப்பதற்கான வரம்பு. ஒரு திட்டத்தை வடிவமைக்க, நிறைவேற்ற, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. கம்பெனிக்குப் போட்ட வேலியை எடுத்து டிரஸ்டுகளைச் சுற்றிப் போட்டுவிட்டார்கள். இதை இந்த ஃபவுண்டேஷன் மட்டும் செய்யவில்லை என்பதுதான் கவலை.

களப்பணியாளர் சம்பளத்தைத் திட்டச் செலவில் வைத்தோம். மாதம் 8,000, அதுவும் பாதி நேரத்துக்கு என்று ஒத்துக்கொண்டார்கள். ஜேசிபி ஓடும் நாட்களில் பாதி நேரம் என்று ஒன்று கிடையாது. விடியற்காலையில் வண்டி வரும்போது நிற்க வேண்டும், களி தெரிய ஆரம்பித்தவுடன் நிறுத்தச் சொல்ல வேண்டும், எத்தனை மணி நேரம் ஓடியது என்று சாயங்காலம் டிரைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த ஆள் இல்லையென்றால் முதல் நாளே களியை வெட்டிவிடுவார்கள். மணிக்கு 1,300 ரூபாய் இயந்திரத்துக்குக் கேள்வி இல்லாமல் தருகிறார்கள், அது எங்கே வெட்டக் கூடாது என்று பார்க்கிறவருக்குத் தர யோசிக்கிறார்கள். 2021இல் தொண்டு நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் பிரிட்ஜ்ஸ்பான் நிறுவனம் இந்தியத் தொண்டு நிறுவனங்களின் கணக்கைப் பார்த்தபோது, நிர்வாகம் போன்ற மறைமுகச் செலவின் இடைநிலை அளவு 19 சதவீதமாக இருந்தது. அதுவும் நாட்டின் முன்னணி அமைப்புகளில். அந்த அளவு எங்களுக்கு வேண்டாம். பத்து கொடுத்தால் ஒரு கணக்காளரைக் கௌரவமான சம்பளத்தில் வைத்துக்கொள்ளலாம். அவர்கள் கேட்கும் சுத்தமான கணக்கு வேறு எப்படி வரும்?

அடுத்தது பணம் வரும் நேரம். ராமநாதபுரத்தில் ஊருணி வேலைக்குக் காலம் கோடைதான். ஊருணி வற்றி அடி தெரிய வேண்டும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்தால் எல்லாம் நின்றுவிடும். ஃபவுண்டேஷனின் காலண்டர் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. பிப்ரவரியில் விண்ணப்பம், மே மாதம் ஒப்பந்தம், ஜூனில் முதல் தவணை 40 சதவீதம். அதில் வரத்துக்கால், தூர், கரை மூன்றையும் முடித்துவிட்டோம். எடுத்த மண்ணைக் கொண்டே கரையை உயர்த்தியதால் டிராக்டர் செலவு குறைந்தது. அந்தத் தவணைக்குக் கணக்கு அனுப்பியது ஆகஸ்டில். இரண்டாம் தவணை வந்தது அக்டோபர் கடைசியில். நடுவில் அவர்கள் அலுவலகத்தில் யாரோ மாறினார்கள், ஃபைல் ஒரு மேசையில் தங்கிவிட்டது என்றார்கள். பணம் வங்கிக்கு வந்த வாரம் ஊருணியில் தண்ணீர் வர ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் வந்ததில் ஊருக்குச் சந்தோஷம், எங்களுக்கும்தான். ஆனால் நேராக ஊருணியில் இறங்கிக் குடத்தை முக்காமல் தண்ணீர் எடுப்பதற்கான கிணறும் அதன் மணல் வடிகட்டியும் கட்டவே முடியவில்லை. அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கம்பி வேலி மட்டும் அந்த மழைக்கு நடுவே போட்டோம். கொத்தனாரிடம் கொடுத்திருந்த தேதி, செங்கல் விலை, எல்லாம் மாறிப்போனது. கூடுதலான தொகையை ஊரும் டிரஸ்டும்தான் ஏற்றுக்கொண்டோம்.

மார்ச் 31க்குள் முடிக்கவில்லையே என்று நெருக்குவார்களோ என்று பயம் இருந்தது. அதில் அவர்கள் நியாயமாக நடந்துகொண்டார்கள். தொடரும் திட்டம் என்று வகைப்படுத்தி, காலத்தை நீட்டித்துக் கடிதம் கொடுத்தார்கள். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. சில கம்பெனிகள் அந்தத் தலைவலி வேண்டாமென்று மார்ச்சுக்குள் பில் கொண்டுவா என்று விரட்டுவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படி விரட்டியிருந்தால் தண்ணீருக்குள் கிணறு கட்டியதாகத்தான் பில் கொடுத்திருக்க முடியும்.

கணக்கும் அறிக்கையும் சுமாரான சுமை. திட்டத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, காலாண்டுக்கு ஒரு அறிக்கை, தவணைக்கு ஒரு யூசி (பணத்தைச் செலவழித்ததற்கான சான்று). யூசியில் ஆடிட்டரின் கையெழுத்தோடு, ஆவணத்துக்கு ஆவணம் அவர் எடுக்கும் யூடிஐஎன் என்ற அடையாள எண்ணும் இருக்க வேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள். போட்டோக்கள் இடக்குறிப்போடு வேண்டும் என்று ஒரு செயலி கொடுத்தார்கள். ஊருணிப் பக்கம் சிக்னல் கிடையாது என்றதும் சாதாரண போட்டோவை ஏற்றுக்கொண்டார்கள். 5,000 ரூபாய்க்கு மேல் எது வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் என்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. எங்கள் பக்கம் ஜேசிபி வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். மூன்று தாளிலும் ஒரே விலைதான் வரும்.

சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் ப்ரபோசல் எழுதித் தருகிறோம் என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு. மானியம் வந்தால் 10 சதவீதம், வராவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அந்த 10 சதவீதத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது? எந்த ஃபவுண்டேஷன் பட்ஜெட்டிலும் அதற்கு இடமில்லை. ஜேசிபி மணி நேரத்தைக் கூட்டி எழுதச் சொல்வார்கள். ஊர் வரி போட்டுக் கொடுத்த பணமும் கலந்திருக்கும் கணக்கில் பொய் எழுதக் கூடாது. இந்த மானியத்துக்கு அப்படி யாரும் தேவையே இல்லை. ஆங்கிலம் தெரிந்த கல்லூரிப் பிள்ளை ஒருவரும், ஊரை அறிந்த ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் எழுதிவிடலாம். எங்களுக்கு உதவியது பரமக்குடியில் எம்.ஏ. படிக்கும் எங்கள் ஊர்ப் பெண்தான். அவளுக்கு டிரஸ்ட் பணத்திலிருந்து ஒரு தொகை கொடுத்தோம், ரசீதோடு.

கிடைக்காதவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதும் முக்கியம். அதே வருடம் கடலாடிப் பக்கத்து டிரஸ்ட் ஒன்றுக்கு முழு ப்ரபோசல் கட்டத்தில் கைவிட்டுப் போனது. அவர்களுக்கு அதே ஆபீசர் போன் செய்து, ஊருணிக்கு எல்லைக்கல் இல்லாததும் ஒரு ஓரத்தில் ஆக்கிரமிப்பு இருப்பதும்தான் காரணம், அளந்து சரிசெய்துவிட்டு அடுத்த வருடம் வாருங்கள் என்று விளக்கியிருக்கிறார். அவர்கள் சர்வேயரை வைத்து அளந்து, மறு வருடம் போட்டார்கள். கிடைத்தது. காரணம் சொன்னால் அடுத்த வருட விண்ணப்பம் மேலும் நன்றாக வரும், இதில் இரண்டு பக்கத்துக்கும் லாபம்.

யார் போகலாம்? மூன்று வருடத் தணிக்கையும் சிஎஸ்ஆர் எண்ணும் கையில் இருந்து, வேலை ஒரே ஒரு நீர்நிலையோடு நிற்கும் டிரஸ்டுகள் தயங்காமல் போகலாம். பணியாளர் சம்பளத்துக்கும் அலுவலகத்துக்கும் வேறு வழி இல்லாதவர்கள் இந்த மானியத்தை நம்பி இறங்க வேண்டாம். 9 லட்சம் ஊருணிக்குப் போகும், உங்கள் கையிலிருந்து மாதாமாதம் கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கும். கண்மாய்க்கு விண்ணப்பிப்பவர்கள், அது ஊராட்சி ஒன்றியத்துக் கண்மாயா நீர்வளத் துறைக் கண்மாயா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) இருந்தால் அனுமதி வாங்கும் இடமே வேறு, காலமும் வேறு.

படிவம் பொதுவாகப் பொங்கல் முடிந்து திறக்கிறது. ஆபீசர் பேசும் முதல் போனிலேயே இரண்டாம் தவணை எந்த மாதம் வரும் என்று கேளுங்கள். மழைக்கு முன்னால் கட்ட வேண்டியவை எல்லாம் முதல் தவணைக்குள் வரும்படி 40ஐ 60 ஆக்க முடியுமா என்றும் கேளுங்கள். நாங்கள் அடுத்த ஊருணிக்கு அதைத்தான் கேட்டிருக்கிறோம், பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். என்ன பதில் வந்தாலும் மெயிலில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.